நடுவரின் நாலு காலடி

சுண்டங்காட்டு ஏரிக்கரையில் வெடுக்கி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். மஞ்சள் கால், கறுப்பு மார்பு, கண்ணுக்கு முன்னால் துளி சிவப்புச் சதை. காட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கத்துகிறவள் அவள்தான். குரல் பெரிது. கோபம் அதைவிடப் பெரிது. உடம்பு மட்டும்தான் சிறிது.

பங்குனி மாதம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெடுக்கி கரையில் நின்று நடுத்திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கு நடுவே, சுற்றிலும் முழங்கால் தண்ணீர் சூழ, சரளைக்கல் பரப்பிய திட்டு அது.

"ஏங்க, வயிறு கனக்குது. இன்னும் நாலு நாள்தான் தாங்கும்" என்றாள்.

அவள் புருஷன் மூக்கன் சாது. சண்டை என்றால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூங்குவதுபோல் நின்றுவிடுவான். "போன வருஷம் வெச்ச இடத்துலயே முட்டையை வெச்சுக்கலாமே, வெடுக்கி" என்றான்.

"எங்க? எருமை மிதிச்ச இடத்துலயா? நாலு முட்டைங்க! நாலும் கூழாப் போச்சு! அந்த எருமைக் கூட்டம் தண்ணி குடிக்கவா வந்துச்சு? சிங்காரத்தோட நடிப்பைப் பார்க்க வந்துச்சு!"

மூக்கன் மெல்ல ஒரு காலைத் தூக்கினான்.

"காலை இறக்குங்க! இந்த வருஷம் மாலையை நான் வாங்கறேன். நடுத்திட்டுல முட்டை வைக்கிறேன்!"

அந்தக் காட்டில் வருஷம் ஒரு முறை நடிப்பு விழா நடக்கும். எல்லாரிலும் சிறந்த நடிப்புக்கு ஒரு தாமரை மாலை. மாலை வாங்கியவருக்கு அடுத்த பங்குனி வரைக்கும் நடுத்திட்டு சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் யாரும் அங்கே கால் வைக்க முடியாது. ஐந்து வருஷமாக மாலை சிங்காரம் என்கிற கடுவன் குரங்குக்கே போய்க்கொண்டிருந்தது. சிங்காரம் நல்லவன். யார் கேட்டாலும் "போங்கப்பா, போய் ஆடுங்க" என்பான். அவன் ரசிகர்கள் திட்டில் ஏறி ஆடி ஆடி, சரளைக்கல்லே பாதி மண்ணுக்குள் போயிருந்தது.

சிறந்த நடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. நடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஈரமணலில் ஒரு பாத்தி ஒதுக்குவார்கள். யாருடைய நடிப்பு பிடித்ததோ, அவர் பாத்தியில் போய் ஒரு காலடி பதிக்க வேண்டும். எந்தப் பாத்தியில் காலடி அதிகமோ அதற்கே மாலை. முன்னொரு காலத்தில், பிடித்தவர்கள் பாத்தியின் குறுக்கே நடந்து போனால் போதும் என்றிருந்தது. அந்த வருஷம் ஒரு மரவட்டை மேடை ஏறினான். அவன் நடிப்பை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் மாமன் மட்டும் பாத்தியின் குறுக்கே ஒரு தடவை நடந்தான். மரவட்டை வென்றுவிட்டான்! அன்றிலிருந்துதான் ஆளுக்கு ஒரு காலடி என்று ஆயிற்று.

வெடுக்கிக்கு நடிக்கத் தெரியுமா? தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வருஷம் அவள் வைத்த முட்டைகளை ஒரு நரி தின்றது. அவள் தலைக்கு மேலே பறந்து கத்திக்கொண்டே இருந்தாள். நரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷம் அதே நரி வந்தது. அன்று அவள் சிறகில் ஒரு கருவேல முள் தைத்திருந்தது. பறக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாள். நரி முட்டையை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தது! சாகப் பார்த்தாள், ஆனால் முட்டை தப்பியது. அன்று ராத்திரி முள்ளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு அவள் நினைத்தாள்: 'ஓகோ, இதுதானா உன் லட்சணம்?'

அதற்குப் பிறகு மூன்று தடவை முள்ளே இல்லாமல் சிறகை இழுத்துக்காட்டி அந்த நரியை ஏரி முழுக்க அலைய வைத்தாள். மூன்று தடவையும் கடைசி நொடியில் பறந்தாள். 'குருவிக்குக் காயம் ஆறிடுச்சு போல' என்றே நரி நினைத்துக்கொண்டது. இன்றுவரை அதற்கு விஷயம் தெரியாது.

அந்த நரியின் பெயர் சபாபதி. விழாவுக்கு நடுவர் அவர்தான்.

விழாவுக்கு முதல்நாள் வெடுக்கி நடுவர் பாறைக்குப் போனாள். சபாபதி மீசையை நீவிக்கொண்டிருந்தார். விழாவும் அதற்கு முதல்நாளும் காட்டில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்பது சட்டம். அதனால் அவள் பயப்படாமல் அவர் மூக்குக்கு நேரே நின்றாள்.

"என் பேரையும் எழுதிக்குங்க, நடுவரே!"

"நீயா? உனக்குக் கத்தத்தானே தெரியும்!"

"அது என் பாடு. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. மாலை எதுக்கு? நடிப்புக்கா, கூட்டத்துக்கா?"

"என்ன கேள்வி இது? நடிப்புக்குத்தான்."

"சரி. நடிப்புன்னா என்ன?"

சபாபதிக்கு இப்படி யாராவது கேட்டால் போதும். நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். "பார்க்கிறவன் பொய்யை மெய் என்று நம்ப வேண்டும். அவன் தன்னை மறக்க வேண்டும். இருக்கிற இடத்தை மறக்க வேண்டும். அதுதானம்மா நடிப்பு!"

"அட! இன்னொரு தடவை சொல்லுங்க. காதுல சரியா விழலை."

அவர் சொன்னார். பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை சின்னமணியின் காதிலும் அது விழுந்தது.

"கொஞ்சம் சத்தமா!" என்றாள் வெடுக்கி.

அவர் ஊளையே இட்டுச் சொன்னார். ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

"அப்படி எத்தனை பேரை நம்ப வைக்கணும்?" என்றாள் வெடுக்கி.

"நீ முதல்ல ஒருத்தனை நம்ப வை, பார்ப்போம்!" சபாபதி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒருத்தன். சரி, வாக்கு மாறக் கூடாது. இன்னொண்ணு. நான் எங்க நடிப்பேன், எப்ப நடிப்பேன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"அதெல்லாம் முடியாது. மேடை இருக்கு, முறை இருக்கு."

"அப்ப மேடையில எனக்கு நாள் பூரா வேணும்!"

"நாள் பூராவா! பைத்தியமா உனக்கு?"

"சரி, அரை நாள்."

"முடியாதும்மா!"

"நீங்களும் இறங்க மாட்டீங்க, நானும் இறங்க மாட்டேன். ஒண்ணு பண்ணுவோம். மேடையே எனக்கு வேண்டாம். பொழுது சாயறதுக்குள்ள எங்கயாவது ஓரமா நடிச்சுட்டுப் போறேன்."

சபாபதி யோசித்தார். ஒரு தொல்லை விட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது. "சரி, போ! பொழுது சாயறதுக்குள்ள எங்க வேணா நடி, எப்ப வேணா நடி!"

"ஆமை அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேம்மா" என்றது சின்னமணி. ஆமை சொன்னால் சொன்னதுதான்.

விழா நாள் வந்தது. காடே ஏரிக்கரையில் கூடியது. எருமைகள் வந்தன, மான்கள் வந்தன, காட்டுப்பன்றி குட்டி குஞ்சோடு வந்தது. அணில்கள் மரத்துக்கு மரம் சீட்டி அடித்தன. சிங்காரம் இன்னும் மரத்தை விட்டு இறங்கவே இல்லை. அதற்குள் அவன் பாத்தியில் காலடி விழ ஆரம்பித்துவிட்டது!

வெடுக்கி ஓர் எருமையை மறித்தாள். "அவர் இன்னும் நடிக்கவே இல்லையே! அதுக்குள்ள எதுக்குக் கால் வைக்கிறே?"

"அவர் நடிச்சா நல்லாத்தானே இருக்கும்" என்றது எருமை.

"நல்லா இல்லேன்னா?"

"அவர் நடிச்சா எப்படி நல்லா இல்லாமப் போகும்?" எருமை இன்னும் நன்றாக அழுத்தி மிதித்தது.

வெடுக்கிக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. போன வருஷம் முட்டையை மிதித்ததும் இதே குளம்புதான்.

சிங்காரம் இறங்கினான். சிறுத்தையோடு சண்டைபோட்டுக் காயம்படும் வீரன் வேஷம். ஐந்து வருஷமாக அதே வேஷம்தான். ஆலங்கிளையிலிருந்து குட்டிக்கரணம் போட்டான். "தலைவா!" என்று அணில்கள் அலறின. கண்ணுக்குத் தெரியாத சிறுத்தையைத் தூக்கி அடித்தான். கப்பிக்கல் பறந்தது. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். விரலிடுக்கில் சப்பாத்திக்கள்ளிப் பழச்சாறு சிவப்பாக வழிந்தது. மான்கள் விம்மின.

வெடுக்கி கண் கொட்டாமல் பார்த்தாள். தொழில் தெரிந்தவளின் பார்வை அது. விழுவதற்கு முன்னால் சிங்காரம் தரையைப் பார்த்தான். முள் இருந்த இடத்தைக் காலால் ஒதுக்கினான். அப்புறம்தான் விழுந்தான். விழுந்த பிறகு ஒரு கண்ணைத் திறந்து, கூட்டம் அழுகிறதா என்றும் பார்த்துக்கொண்டான்.

"குட்டிக்கரணம் நல்லா இருக்கு. அதை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இந்தச் சாவை ஒருத்தரும் நம்பலைங்க. செத்தவனுக்கு எவனாவது சீட்டி அடிப்பானா?" என்றாள் மூக்கனிடம்.

சிங்காரத்தின் பாத்தியில் இப்போது மணலே தெரியவில்லை. காலடி மேல் காலடி. வெடுக்கியின் பாத்தியில் ஒரே ஒரு காலடி. மூக்கனுடையது.

சபாபதி எண்ணுவதுபோல் தலையை ஆட்டினார். பிறகு தாமரை மாலையை வாயில் கவ்விக்கொண்டு பாறைமேல் ஏறினார்.

"நில்லுங்க நடுவரே! நான் இன்னும் நடிக்கலை!" என்று வெடுக்கி கத்தினாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அப்புறம் எப்போம்மா நடிப்பே? மாலை வாடினதுக்கு அப்புறமா?" என்று ஒரு பன்றி கேட்டது.

சபாபதி மாலையைப் பாதத்தில் வைத்துக்கொண்டார். "உன் பாத்தியைப் பாரு, சிங்காரம் பாத்தியைப் பாரு. இத்தனை கால் பொய் சொல்லுமா?"

"கால் பொய் சொல்லாது. நீங்கதான் சொல்றீங்க! நேத்து நடிப்புன்னீங்க. இன்னிக்குக் கூட்டம்ங்கிறீங்க. கூட்டத்துக்கு மாலை போடணும்னா போடுங்க. அதுக்கு நடிப்பு மாலைன்னு எதுக்குப் பேரு? நாக்கு ஒண்ணா ரெண்டா உமக்கு?"

இது வேஷமில்லை. நிஜக் கோபம். வெடுக்கி சிவ்வென்று மேலே எழும்பி நடுவரின் காதை உரசிக்கொண்டு பறந்தாள். திரும்பி வந்து மறுபடியும் உரசினாள். சிங்காரத்தின் ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. "எங்க தலைவர் மாலையைத் தடுக்கிறியா!" என்று ஒரு குரங்கு விளாங்காயை எடுத்து வீசியது.

காய் அவள் மேல் படவில்லை. ஒரு சாண் தள்ளிப் போனது. வெடுக்கிக்கு மட்டுமே அது தெரியும்.

'இதுதான் நேரம்' என்றது அவள் மனம்.

"கிறீச்!" என்று ஒரே ஓர் அலறல். கல் விழுவதுபோல் விழுந்தாள். முள்ளைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்க்கவில்லை. மார்பு தரையில் மோதியது. எழுந்தாள், சாய்ந்தாள். இடது சிறகு விரிந்தபடியே மண்ணில் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தாள். சிறகு ஒடிந்து போயிற்று என்றே எல்லாரும் நினைத்தார்கள். விஷயம் தெரிந்த மூக்கனே நம்பிவிட்டான். தூக்கிய காலை இறக்க மறந்தான்.

ஆனால் வெடுக்கி ஒரே ஓர் ஆளைத்தான் பார்த்தாள்.

சபாபதியின் காது விடைத்தது. மூக்கு நீண்டது. வாலின் நுனி ஒரு முறை துடித்தது. மாலை அவர் பாதத்திலிருந்து நழுவிப் பாறைக்குக் கீழே விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

அவர் பாய்ந்தார்!

வெடுக்கி ஓடினாள். வேகமாக ஓடினால் அவர் விட்டுவிடுவார். மெதுவாக ஓடினால் கவ்விவிடுவார். எப்போதும் மூன்று முழத் தூரம். அந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி. தத்தினாள், புரண்டாள், மறுபடி தத்தினாள். சரளையைத் தாண்டி, கோரைப்புல்லைத் தாண்டி, ஏரியின் உள்பக்கம் போனாள்.

நடுவில் சபாபதி சட்டென்று நின்றார். தலையைத் திருப்பிப் பார்த்தார். பாறை. கூட்டம். விழா. ஏதோ நினைவுக்கு வருவதுபோல் இருந்தது.

இங்கே விட்டால் எல்லாம் போயிற்று. திட்டு போயிற்று, முட்டை போயிற்று. அவள் ஓடுவதை நிறுத்தினாள். ஒரு பக்கமாகச் சரிந்தாள். மஞ்சள் காலிரண்டும் வானத்தைப் பார்க்க மல்லாந்தாள். தொண்டையிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது, வருவதும் நிற்பதுமாக. கண் சொருகியது.

மூன்று முழம் இரண்டு முழம் ஆயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. சபாபதி விழாவை மறந்தார். சட்டத்தை மறந்தார். வாயைப் பிளந்துகொண்டு ஒரே தாவல்!

வெடுக்கி விர்ரென்று வானத்தில் இருந்தாள்.

சபாபதி சேற்றில் இருந்தார். ஏரி வற்றிய இடத்துப் புதைசேறு. நாலு காலும் முழங்கால்வரை உள்ளே போய்விட்டன. நாக்கு மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

வெடுக்கி இரண்டு சிறகையும் நன்றாக விரித்து, கூட்டத்தின் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தாள். ஒரு வலி இல்லை, ஒரு முறிவு இல்லை. பிறகு சபாபதிக்கு முன்னால் ஒரு கோரைத் தூரில் இறங்கினாள்.

"வணக்கம், நடுவரே. நடிப்பு முடிஞ்சுது!"

சபாபதி வாயை மூடினார். "நான்... உனக்கு அடிபட்டுடுச்சேன்னு உதவி செய்ய ஓடி வந்தேன்."

"உதவிக்கு வந்தவர் எதுக்கு வாயைத் திறந்துக்கிட்டு வந்தீரு? எச்சில் எதுக்கு ஒழுகுச்சு? வைத்தியமா?"

முதலில் ஒரு மான் சிரித்தது. பிறகு பன்றி உருண்டது. எருமைகள் தும்மின. கரை முழுக்கச் சிரிப்பு.

"இன்னிக்கு வேட்டை கிடையாதுன்னு சட்டம் போட்டது யாரு?" என்று வெடுக்கி கேட்டாள்.

"நான்தான்" என்றார் சபாபதி முனகலாக.

"எங்க இருக்கோம்கிறதையே மறந்து ஓடி வந்தது யாரு?"

"... நான்தான்."

"ஆமை அண்ணே! நடுவர் நேத்து நடிப்புக்கு என்ன சொன்னார்?"

சின்னமணி கழுத்தை நீட்டியது. நிதானமாகச் சொன்னது. "பார்க்கிறவன் பொய்யை மெய்யென்று நம்ப வேண்டும். தன்னை மறக்க வேண்டும். இருக்கிற இடத்தை மறக்க வேண்டும். ஒருத்தனை நம்ப வைத்தால் போதும். பொழுது சாய்வதற்குள் எங்கே வேண்டுமானாலும் நடிக்கலாம்." மேற்கே பார்த்துவிட்டு, "பொழுது இன்னும் சாயவில்லை" என்றும் சேர்த்துக்கொண்டது.

கூட்டம் அவள் பக்கம் திரும்பிவிட்டது. முயல்கள் குதித்தன. அணில்கள், "வெடுக்கி அக்கா வாழ்க!" என்று சீட்டி அடித்தன. எல்லாரும் அவள் பாத்தியில் காலடி பதிக்க ஓடினார்கள். அந்த எருமைகூடக் கிளம்பியது.

"நில்லுங்க எல்லாரும்!" வெடுக்கி போட்ட சத்தத்தில் எருமை தூக்கிய காலோடு நின்றது. "ஒருத்தரும் என் பாத்தியை மிதிக்க வேண்டாம்! காலையில அந்தப் பக்கம் ஓடுனீங்க, இப்ப இந்தப் பக்கம் ஓடறீங்க. உங்க காலடியில ஜெயிச்சா நானும் கூட்டத்துல ஜெயிச்சவதான். எனக்கு அது வேண்டாம்!"

அவள் சபாபதியைப் பார்த்தாள். "நடுவரே, காலைத் தூக்குங்க."

சபாபதி ஒவ்வொரு காலாகப் பிடுங்கினார். சளக், சளக், சளக், சளக். சேற்றில் நாலு ஆழமான குழிகள் நின்றன.

"எனக்கு இந்த நாலு காலடி போதும்!"

அப்போது சிங்காரம் மரத்திலிருந்து இறங்கி வந்தான். ரசிகர்கள் வழிவிட்டார்கள். கீழே விழுந்து கிடந்த மாலையை எடுத்துத் தூசி தட்டினான்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். விழறதுக்கு முன்னாடி தரையைப் பார்த்துத்தான் நான் விழுவேன். நீ பார்க்கவே இல்லை" என்றான்.

"பார்த்தா முட்டை பிழைக்காது, அண்ணே" என்றாள் வெடுக்கி. அவள் குரல் அன்று முதன்முறையாகத் தாழ்ந்தது. "உங்க குட்டிக்கரணம் எனக்கு வராது. அதுவும் உண்மைதான்."

சிங்காரம் வாய்விட்டுச் சிரித்தான். "அஞ்சு வருஷமா இந்த மாலை கழுத்துல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஏன்னு இப்பத்தான் தெரியுது!" என்று சொல்லி மாலையை அவள் தலையில் போட்டான்.

மாலை பெரிது, வெடுக்கி சிறிது. அவள் மொத்தமாக உள்ளே மறைந்துபோனாள். ஒரு தாமரை இதழை விலக்கிக்கொண்டு சிவப்புச் சதையும் கூரிய மூக்கும் எட்டிப் பார்த்தன.

"சிரிக்காதீங்க! திட்டு எனக்குத்தானே? அதைச் சொல்லிட்டுச் சிரிங்க!"

சபாபதி தொண்டையைக் கனைத்தார். மீசையிலிருந்து சேறு சொட்டியது. "இந்தப் பங்குனியிலிருந்து அடுத்த பங்குனி வரை நடுத்திட்டு வெடுக்கிக்கே சொந்தம். அவள் சொல்லாமல் ஒரு காலும் அங்கே படக் கூடாது!" கொஞ்சம் நிறுத்தினார். "என் காலையும் சேர்த்துத்தான்."

அடுத்த வருஷத்திலிருந்து விழாவில் இரண்டு மாலை கட்டினார்கள். கூட்டம் சேர்ப்பவருக்குச் செவ்வரளி மாலை. அதைச் சிங்காரம் பெருமையாகப் போட்டுக்கொண்டான். நடிப்புக்குத் தாமரை மாலை. அதற்குக் காலடி எண்ணுவதை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

அந்த வருஷம், அவள் சொன்ன நாலாம் நாளே, வெடுக்கி நடுத்திட்டின் சரளைக்கல்லில் நாலு முட்டை வைத்தாள். சுற்றிலும் தண்ணீர். எங்கும் ஒரு குளம்படி இல்லை. மூக்கன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான். வெடுக்கி தூங்கவில்லை. கரையில் சேறு காய்ந்து இறுகிய அந்த நாலு குழிகளை எட்டிப் பார்த்தாள். காடே அதிரும்படி ஒரு கத்து கத்தினாள். அது ஆள் வந்ததற்கான கத்தல் அல்ல. ஜெயித்ததற்கான கத்தல்.

எதற்கென்று ஒரு பரிசை வைத்தோமோ அதற்கே அதைக் கொடுக்க வேண்டும். கூட்டத்தை எண்ணித் திறமையை அளக்கிற நடுவன் கடைசியில் சேற்றில் நின்றுதான் வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வான்.